நட்சத்திரத்துக்குக் குரல் அனுப்பப் பணம் கட்டலாமா?

கேள்வி: வேறு கோள்களில் அறிவுள்ள உயிர்கள் இருக்க 99 சதவீத வாய்ப்பு உண்டாம். கட்டணம் கட்டினால் என் மகனின் குரலை ரேடியோ அலையில் அனுப்புகிறார்களாம். கட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த 99 எப்படி வந்தது என்று முதலில் கேளுங்கள். நம் பால்வெளியில் தொடர்புகொள்ளக்கூடிய நாகரிகங்கள் எத்தனை என்று கணிக்க, 1961இல் அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் டிரேக் எழுதிய சமன்பாட்டில் ஏழு எண்களைப் பெருக்க வேண்டும். நட்சத்திரம், கோள் பற்றிய எண்கள் ஓரளவு தெரியும். சூரியக் குடும்பத்துக்கு வெளியே 6,000க்கும் மேற்பட்ட கோள்கள் உறுதியாகிவிட்டன. உயிர் தோன்றுமா, அறிவு வருமா, வந்தால் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும்? இதற்கெல்லாம் நம் கையில் இருப்பது பூமி ஒன்றுதான். ஒரு சோற்றில் பதம் பார்க்கலாம்தான், எல்லாம் ஒரே பானையில் வெந்தது என்று தெரிந்தால். இங்கே உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேலாகியும், ரேடியோ வந்து நூற்றுச் சொச்சம் ஆண்டுதான் ஆகிறது. சதவீதம் சொல்பவர் எதையோ விற்க வந்தவர்.

சரி, அனுப்பினால்தான் என்ன? 1974இல் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்த 305 மீட்டர் அகல அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து எம்13 நட்சத்திரக் கொத்தை நோக்கிச் செய்தி போனது. போய்ச் சேரவே சுமார் 25,000 ஆண்டு. உங்களிடம் கட்டணம் கேட்பவர்களிடம் இருப்பது எத்தனை மீட்டர் டிஷ், எந்த அலைவரிசை, எத்தனை வாட் என்று கேளுங்கள். பேச்சை மாற்றுவார்கள். நட்சத்திரத்துக்குப் பெயர் சூட்டித் தருகிறோம் என்பவர்களும் இதே ரகம். அந்தச் சான்றிதழை சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்பதில்லை.

'மர்ம சிக்னல்' செய்தியைக் காட்டினாலும் மயங்காதீர்கள். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் வந்துபோன விசித்திரத் துடிப்புகளுக்குக் காரணம் 2015இல்தான் பிடிபட்டது: ஓடிக்கொண்டிருந்த மைக்ரோவேவ் அடுப்பின் கதவை யாரோ அவசரப்பட்டுத் திறந்தது! ஆய்வாளர் 'இருக்கலாம்' என்று எழுதுவார், பல்கலைக்கழகத்தின் செய்திக்குறிப்பு அதைக் கொஞ்சம் ஊதும், தொலைக்காட்சியில் 'இருக்கிறது' ஆகிவிடும். மறுப்பு வரும்போது கேட்க ஆள் இருக்காது. எத்தனை முறை சொல்லியாயிற்று!

ஒரு விதிவிலக்கு நாசா. சில விண்கலங்களில் பெயர்களை இலவசமாகவே ஏற்றுகிறார்கள். 2024 அக்டோபரில் கிளம்பிய யூரோப்பா கிளிப்பரில் 26 லட்சம் பெயர்கள் ஒரு சிலிக்கான் சில்லில் (சிப்) போகின்றன. அதுவும் வியாழன் வரைக்கும்தான். அங்கே வாசிக்க ஆள் இருக்கிறது என்று நாசா சொல்லவில்லை. குரல் போகாது, பெயர் மட்டுமே. அந்தப் பட்டியலும் மூடியாயிற்று. அடுத்து எதற்காவது திறந்தால் நாசா தளத்திலேயே நேராகப் பையன் பெயரைப் பதியுங்கள். நடுவில் 'பதிந்து தருகிறோம், சேவைக் கட்டணம் மட்டும்' என்று ஒருவர் வருவார், அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.