காதல் கதையில் எதற்கு வருமானக் கணக்கு?

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'பிரைடு அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை ஆசையாக எடுத்தேன். எவனுக்கு வருஷத்துக்கு எவ்வளவு வருமானம் என்பதே பேச்சாக இருக்கிறது. இதையா காதல் கதை என்கிறார்கள்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அந்தப் பேச்சை எடுத்துவிட்டால் கதையே இல்லை. பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள், ஆண் பிள்ளை கிடையாது. அப்பாவுக்கு வருஷத்துக்கு 2,000 பவுண்டு வருகிறது, ஆனால் அவர் கண்ணை மூடியதும் சொத்து முழுக்க ஆண் வாரிசு என்ற பேரில் உறவுக்காரர் காலின்ஸுக்குப் போய்விடும். நாயகியான மகள் எலிசபெத்துக்கு மிஞ்சுவது, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு, 1,000 பவுண்டும் அதற்கு 4 சதவீத வட்டியும்தான். அதாவது வருஷத்துக்கு 40 பவுண்டு. (காலின்ஸ் பெண் கேட்கும்போதே இதைச் சொல்லிக் காட்டுகிறார், அப்படி ஒரு மனிதர்.) அவரையும் வேண்டாம் என்கிறாள், அப்புறம் 10,000 பவுண்டு வருமானமுள்ள டார்ஸி வந்து கேட்கும்போது அவனையும் வேண்டாம் என்கிறாள். கணக்கு தெரியாமல் படித்தால் இது வெறும் திமிர், தெரிந்து படித்தால் நமக்கே வயிற்றைக் கலக்கும். எலிசபெத்தின் தோழி, 27 வயது ஷார்லட் அதே காலின்ஸைக் கட்டிக்கொள்வதைப் பல வாசகர்கள் மன்னிப்பதில்லை. நான் ஷார்லட் கட்சி.

கேள்வி: இப்போது வரும் ரீஜென்சி நாவல்களில் (ஆஸ்டின் கால இங்கிலாந்தில் நடக்கும் காதல் கதைகள்) இரண்டாம் அத்தியாயத்திலேயே முத்தம் வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. முந்நூறு பக்கம் யார் காத்திருப்பது?
- ஒரு வாசகர், கோவை

பதில்: முத்தம் வரட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்கு அந்தக் காலத்தில் என்ன விலை கொடுக்க வேண்டியிருந்தது என்பது கதையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மணமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டாலே நிச்சயம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்ட காலம் அது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் மரியான் வில்லபிக்குக் கடிதம் எழுதுவதைப் பார்த்து, கூடப் பிறந்த அக்காவே அப்படித்தான் முடிவு கட்டுகிறாள். 1753-ல் வந்த சட்டப்படி இங்கிலாந்தில் 21 வயது ஆகாதவர்கள் லைசென்ஸ் வாங்கிக் கல்யாணம் செய்ய அப்பாவின் சம்மதம் வேண்டும், ஸ்காட்லாந்தில் வேண்டாம். அதனால்தான் ஓடிப்போகிற ஜோடிகள் எல்லாம் எல்லை தாண்டி கிரெட்னா கிரீனுக்கு வண்டி கட்டினார்கள். இந்தப் பயமெல்லாம் இல்லாமல் நாயகி இஷ்டத்துக்குச் சுற்றினால் கவுன் மட்டும்தான் 1815, மற்றதெல்லாம் போன வாரம்.

கேள்வி: ரீஜென்சி காதல் நாவல்கள் எழுதிய ஜார்ஜெட் ஹேயர் கதைகளில் பிரபுக்களைத் தவிர மனிதர்களே இல்லையா? தோழிகள் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.
- ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: குறை நியாயமானதுதான். ஏழைகள் பெரும்பாலும் வேலைக்காரர்களாக வந்து சிரிப்பு மூட்டிவிட்டுப் போகிறார்கள். 1950-ல் வந்த 'த கிராண்ட் சோஃபி'யில் யூத வட்டிக்காரரைக் காட்டியிருக்கும் விதம் அருவருப்பாகவே இருக்கிறது, 'அந்தக் காலம் அப்படி' என்று சமாளிக்கவும் முடியாது, ஹிட்லரின் கொடுமை உலகத்துக்கே தெரிந்த பிறகு எழுதியது அது. ஆனாலும் வண்டி, துணிமணி, கொச்சைப் பேச்சு என்று அவர் தேடிச் சேர்த்த விவரங்களை வைத்துத்தான் பின்னால் வந்த பலர் பிழைத்தார்கள். உரையாடலில் அவருடைய குறும்பு இன்னும் மங்கவில்லை.

கேள்வி: இந்த வகையில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? எனக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, பதினெட்டு வயதுக் காதலில் ஆர்வம் இல்லை.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்படியானால் 'பெர்சுவேஷன்'. ஆஸ்டின் 1817 ஜூலையில் இறந்த பிறகு வெளிவந்த நாவல். நாயகி ஆனுக்கு (Anne) 27 வயது, பெரியவர்கள் பேச்சைக் கேட்டு எட்டு வருஷத்துக்கு முன்னால் நிச்சயத்தை முறித்தவள். அன்று கையில் காசில்லாதவன் என்று ஒதுக்கப்பட்டவன் இன்று 25,000 பவுண்டோடு கடற்படை கேப்டனாகத் திரும்பி வந்து, அவள் கண்ணெதிரிலேயே வேறு பெண்களோடு சிரித்துப் பேசுகிறான். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஒரு கடிதம் இருக்கிறது, முன்கூட்டியே புரட்டிப் பார்த்துவிடாதீர்கள்.