தாய்க்கோழி இல்லாத குஞ்சு எப்போது மண்ணை மிதிக்கலாம்?

கோழி வளர்ப்பு: கேள்வி - பதில்

கேள்வி: அக்கா, இன்குபேட்டரில் 28 சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பொரித்திருக்கின்றன. இன்றோடு 12 நாள். பக்கத்து வீட்டு அடைக்கோழி மூன்றாம் நாளே தன் குஞ்சுகளைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டது. என் குஞ்சுகளும் துறுதுறுவென்றுதான் இருக்கின்றன. வெளியே விட்டால் என்ன? (வாசகர், மேலூர்)

பதில்: இப்போது விடாதீர்கள், தம்பி. அந்தப் பக்கத்து வீட்டுக் கோழியை ஒரு நாள் காலையில் திண்ணையில் உட்கார்ந்து கவனியுங்கள். குஞ்சுகள் கொஞ்ச நேரம் மேயும். பிறகு ஒவ்வொன்றாக ஓடி வந்து இறக்கைக்குள் புகுந்துகொள்ளும். சூடேறியதும் மறுபடி வெளியே வரும். கோழியின் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். அந்தக் குஞ்சுகள் வெளியே திரிந்தாலும் அடுப்பங்கரை கூடவே நடந்து போகிறது. உங்கள் குஞ்சுகளுக்கு அது இல்லை.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் ஈட்டுக் குஞ்சுகள் 26. ஐப்பசி மாதம், இரண்டு நாள் மழைக்குப் பிறகு பளிச்சென்று வெயில் அடித்தது. இரண்டு வாரக் குஞ்சுகளை ஆசையாக முற்றத்தில் விட்டுவிட்டு வயலுக்குப் போனேன். பதினோரு மணிக்கு ஒரு தூறல். கால் மணி நேரம்கூட இருக்காது. ஓடி வந்து பார்த்தால் சுவர் மூலையில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. அடியில் இருந்தவை நசுங்கிவிட்டன, மேலே இருந்தவை விறைத்துவிட்டன. 11 குஞ்சுகள் போயின. குஞ்சின் மேல் இருப்பது வெறும் பஞ்சு, இறகு அல்ல. நனைந்தால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், குளிரைத் தாங்காது. அதனால்தான் இன்றுவரை குஞ்சுகளைச் சுற்றி அட்டையை வட்டமாகத்தான் கட்டுகிறேன். மூலை என்று ஒன்று இருக்கவே கூடாது.

தாயின் சூட்டுக்குப் பதிலாக நாம் பல்புதான் வைக்க வேண்டும். முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி சூடு வேண்டும். அதன்பின் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். ஒரு குஞ்சுக்கு 2 வாட் என்று வைத்தால் 28 குஞ்சுக்கு 60 வாட் குண்டு பல்பு ஒன்று போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. இதில் பலர் ஏமாறுகிறார்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றாலும் கவலை இல்லை, குஞ்சுகளே சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து இளைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து பாருங்கள், அந்த நேரத்தில்தான் உண்மை தெரியும்.

ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணில் சொட்டு மருந்து விட்டீர்களா? கேள்வியில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. விடவில்லை என்றால் நாளைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். குப்பியில் உள்ள மருந்தைக் கரைத்துவிட்டால் சீக்கிரம் பயன்படுத்திவிட வேண்டும், மீதியை எடுத்து வைக்க முடியாது. அதனால் தெருவில் குஞ்சு வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

மூன்றாம் வாரம் முடிந்ததும், மழை மேகம் இல்லாத நாளாகப் பார்த்து, பனி காய்ந்த பிறகு ஒன்பதரை மணிபோல வெளியே எடுங்கள். பஞ்சாரத்தை, அதாவது கோழி கவிழ்க்கும் கூடையை, போட்டு மூடித்தான் வைக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் போதும். பாதி வெயில், பாதி நிழல் விழும் இடமாக இருக்கட்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் விழுந்து நனையும். தினமும் பஞ்சாரத்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஒரே ஈர மண்ணில் வைத்தால் ரத்தக்கழிச்சல் வந்து சேரும்.

தாய்க்கோழி இன்னொரு வேலையும் செய்கிறது. வானத்தில் பருந்து நிழல் தெரிந்ததுமே ஒரு குரல் கொடுக்கும், குஞ்சுகள் அப்படியே பதுங்கிவிடும். உங்கள் குஞ்சுகளுக்குக் குரல் கொடுக்க யாரும் இல்லை. ஆகவே இறகு முளைத்து, ஆறு வாரம் ஆகும்வரை மேலே வலை இல்லாமல் விட வேண்டாம். இப்போதிருந்தே தீனி வைக்கும்போதெல்லாம் தகரத் தட்டைத் தட்டி, "ப்பா... ப்பா..." என்று கூப்பிட்டுப் பழக்குங்கள். பிறகு வேலி தாண்டிப் போனாலும் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி வரும்.

கிளறவும் நீங்கள்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, வைக்கோல் போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் பானையில் ஏறியிருக்கும் கரையானைப் பஞ்சாரத்துக்குள் தட்டிவிடுங்கள். கம்பு நொய்யை மட்டுமே பார்த்த குஞ்சு முதலில் மிரளும். ஒன்று துணிந்து கொத்தியதும், மற்றவை அதன் வாயிலிருந்தே பிடுங்கப் பாயும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

கேள்வி: இன்குபேட்டர் குஞ்சுகளை அடைக்கோழி சேர்த்துக்கொள்ளுமா? (வாசகி, திருமங்கலம்)

பதில்: சேர்த்துக்கொள்ளும், இரவில் வைத்தால். அடையில் மூன்று வாரம் உட்கார்ந்த கோழியாக இருக்க வேண்டும், குஞ்சு பொரித்து ஓரிரு நாளுக்குள் இருக்க வேண்டும். விளக்கில்லாமல் போய் வயிற்றுக்கு அடியில் ஒவ்வொன்றாக நுழைத்துவிடுங்கள். விடியும்போது பக்கத்தில் இருங்கள். கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள், அந்தக் கோழியிடம் மறுபடி முயல வேண்டாம்.

கேள்வி: திருவிழாவில் என் மகள் இரண்டு கலர் குஞ்சு வாங்கினாள். ஒன்று மறுநாளே இறந்துவிட்டது. மற்றொன்று ஓயாமல் கத்துகிறது. மகள் அழுகிறாள். (வாசகி, சிவகாசி)

பதில்: அம்மா, அது குளிராலும் தனிமையாலும் கத்துகிறது. இன்றைக்கே ஆழமான அட்டைப் பெட்டியின் ஒரு ஓரத்தில் 40 வாட் குண்டு பல்பைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள், அட்டையில் படக்கூடாது. மறு ஓரம் சூடில்லாமல் இருக்கட்டும். அடியில் செய்தித்தாள் வேண்டாம், கால் வழுக்கி விரிந்துவிடும். சாக்கு விரியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் கருப்பட்டி கரைத்து, அலகின் நுனியை மட்டும் நனைத்துக் காட்டுங்கள். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்திருந்தால் ஈரத்துணியால் மெதுவாகத் துடையுங்கள். வீட்டில் வேறு கோழி இருந்தால் இரண்டு வாரமாவது தனியாக வையுங்கள். சாயம் பஞ்சோடு போய்விடும், புது இறகு அதன் சொந்த நிறத்தில் வரும். பெரும்பாலும் சேவலாகத்தான் இருக்கும் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். குஞ்சு வைத்திருப்பவர் யாரிடமாவது இதே வயதில் ஒன்று கேட்டு வாங்கி, இரவில் பக்கத்தில் விடுங்கள். காலையில் கத்தல் நின்றிருக்கும்.