இலாசர் கிடந்த வாசல்: வாசகர் கேள்விகள்

காசிமேடு வாசகர்: எனக்கு இரண்டு மீன்பிடி லாஞ்சு ஓடுகிறது. பூசையில் செல்வரும் இலாசரும் வாசகத்தைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. சொத்து சேர்த்ததே பாவமா ஐயா?

லூக்கா நற்செய்தி 16-ல் இயேசு சொல்லும் கதை அது. செல்வர் ஒருவர் தினமும் விருந்துண்டு வாழ்கிறார்; அவர் வாசலில் இலாசர் என்ற ஏழை பசியோடு கிடக்கிறார். இருவரும் இறந்தபின் இலாசர் ஆபிரகாமின் மடியில், செல்வர் பாதாள நெருப்பில். ஆனால் சொத்து சேர்த்ததற்காகச் செல்வர் பாதாளத்துக்குப் போனார் என்று அங்கே இல்லை. திருடினார், ஏமாற்றினார் என்றும் இல்லை. இலாசரை மடியில் வைத்திருக்கும் ஆபிரகாமே ஆடு மாடு, வெள்ளி, பொன் என்று ஏராளம் வைத்திருந்தவர்தான்.

அப்புறம் என்ன குற்றம்? இலாசர் கிடந்தது அவர் வீட்டு வாசலில். தினமும் தாண்டித்தான் போயிருக்கிறார். பெயர்கூடத் தெரியும். நெருப்பில் தவிக்கும்போது, தண்ணீர் கொண்டுவர இலாசரை அனுப்பச் சொல்கிறார். பிறகு, தன் ஐந்து சகோதரர்களிடம் சேதி சொல்ல அனுப்பச் சொல்கிறார். இரண்டையும் ஆபிரகாமிடம்தான் கேட்கிறார். இலாசரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயும் இலாசர் அவருக்கு ஏவலாள்தான். இருவருக்கும் நடுவே யாரும் தாண்ட முடியாத பெரும் பிளவு இருக்கிறது என்கிறார் ஆபிரகாம். அதைச் செல்வர் உயிரோடு இருந்தபோதே வெட்டிவிட்டார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இந்தக் கதையை வைத்து 4-ம் நூற்றாண்டில் அந்தியோக்கியாவில் தொடர்ந்து பிரசங்கித்த புனித யோவான் கிறிசோஸ்தோம், நம்மிடம் உள்ளதை ஏழையோடு பகிராததே திருட்டு என்றார்.

உங்கள் வாசல் எதுவென்று உங்களுக்கே தெரியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் லாஞ்சு கரையில் நிற்கும்போது, உங்களோடு கடலுக்கு வந்தவர்கள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள்.

வியாசர்பாடி வாசகி: ‘ஏழைக்கு மோட்சம் உண்டு, பொறுத்துக்கோ’ என்று சொல்லியே எங்கள் வாயை அடைக்கிறார்களே?

உங்கள் கோபம் நியாயமானது. அப்படிச் சொல்பவர்கள் கதையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். இதற்குச் சற்று முன் லூக்கா குறிப்பிடுவது பண ஆசை பிடித்த பரிசேயர்களை, அதாவது அன்றைய யூதச் சமயக் குழு ஒன்றினரை. எச்சரிக்கையும் இன்னும் உயிரோடு இருக்கும் அந்த ஐந்து சகோதரர்களுக்குத்தான். ‘பொறுத்துக்கோ’ என்று இலாசரிடம் யாரும் சொல்லவில்லை.

பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு 5:4. நியாயமான கூலியும் சங்கம் சேரும் உரிமையும் தொழிலாளிக்கு உண்டு என்று பாப்பரசர் 13-ம் லியோ 1891-லேயே சுற்றுமடல் எழுதினார். கூலியைக் கேளுங்கள். அது விசுவாசத்துக்கு எதிரானதல்ல.

பெரம்பூர் வாசகர்: கல்லறையிலிருந்து எழுந்தவரும் இதே இலாசரா?

இல்லை. அவர் பெத்தானியாக்காரர், யோவான் 11. இவர் உவமையில் வருபவர். ஆபிரகாமை விட்டால், இயேசு சொன்ன உவமைகளில் பெயரோடு வரும் ஒரே ஆள். இலாசர் என்றால் ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். செல்வருக்குப் பெயரே இல்லை. நம் கோயில் கல்வெட்டுகளில் யார் பெயர் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை வாசகர்: இறந்துபோன அப்பா, பக்கத்துத் தெருக் குடும்பத்தின் சீட்டுப் பணத்தைக் கொடுக்காமலே விட்டுவிட்டார். கல்லறைத் திருநாளுக்கு அவர் பெயரில் பூசை வைத்தால் போதுமா?

பூசை வையுங்கள். இறந்தவர்களுக்காக நாம் வேண்டுவது அவர்களுக்கு உதவும் என்பது திருச்சபையின் போதனை. ஆனால் அந்தப் பணம் இன்னும் உங்கள் வீட்டில்தானே இருக்கிறது? இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியிருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார். உங்களால் அசல் தொகையை மட்டும்தான் தர முடியும் என்றால் அதையாவது கொண்டுபோய்க் கொடுங்கள். அப்பா பெயரைச் சொல்லி மன்னிப்பும் கேளுங்கள். நவம்பர் 2-க்கு முன்னாலேயே போய்விட்டு வாருங்கள்.