கம்பி பிராண்ட் தவிர எதையும் கேளுங்கள்

கும்மிடிப்பூண்டி உலைகளில் தரச் சோதனை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எஃகு பற்றிக் கேளுங்கள் என்றதும் வடசென்னை முழுவதிலுமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. என் துறைக்குள் வருபவற்றுக்குப் பதில் கீழே.

வியாசர்பாடி, கல்லூரி மாணவி: இன்றைய பொருளாதாரம் மென்பொருளும் சேவையும்தான் என்கிறார்கள். எஃகை மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கிக்கொண்டால் போதாதா?

பாதி எஃகுக்குப் போதும் அம்மா. சாதாரணத் தகட்டை யார் விற்றால் என்ன? சிக்கல் மீதிப் பாதியில் இருக்கிறது. விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலுக்கு ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய தகடு வரவில்லை. ஐதராபாத் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் டி.எம்.ஆர். 249 என்ற ரகத்தை உருவாக்கி, பொதுத்துறை நிறுவனமான செயிலின் ஆலைகள் அதை உருட்டிக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. 2022இல் கப்பல் கடற்படையில் சேர்ந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. மின்மாற்றிக்குள் அடுக்கும் சிலிக்கான் எஃகுத் தகட்டில் பெரும்பகுதியை இன்னும் வெளியிலிருந்துதான் வாங்குகிறோம். 2024இல் ஏறத்தாழ 15 கோடி டன் உருக்கி, சீனாவுக்கு அடுத்த இடத்தில் நிற்கும் நாட்டின் நிலை இது. அதனால்தான் டன்னைப் பார்க்காதீர்கள், ரகத்தைப் பாருங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. தாதுவை உருக்கி இரும்பாக்கும் ஊதுலையை நினைத்தபோது அணைத்து, நினைத்தபோது பற்றவைக்க முடியாது. உள்ளே இரும்பு உறைந்துவிட்டால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. 2025 ஏப்ரலில் பிரிட்டனின் ஸ்கந்தோர்ப் எஃகு ஆலையின் சீன உரிமையாளர் உலைகளை மூடப்போகிறார் என்றதும், விடுமுறையில் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தை ஒரு சனிக்கிழமை கூட்டி அன்றைக்கே சட்டம் போட்டார்கள். அதே நாட்டின் போர்ட் டால்பட் ஆலையில் கடைசி ஊதுலை அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே அணைந்துவிட்டது. சேவைத்துறையை நம்பி வாழும் நாடுதானே அதுவும்?

தண்டையார்பேட்டை: வீடு கட்டுகிறேன். எந்தக் கம்பெனி கம்பி நல்லது?

பெயர் சொல்ல மாட்டேன். கட்டடக் கம்பிக்கான இந்தியத் தர முத்திரை ஐ.எஸ். 1786 இருக்கிறதா, எஃப்.இ. 500டி என்ற வலிமை ரகம் போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் லோடு எந்த ஹீட்டில், அதாவது எந்தத் தடவை உருக்கியதில், வந்ததோ அதன் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கொருக்குப்பேட்டை, பழைய இரும்பு வியாபாரி: ஸ்கிராப் இவ்வளவு கிடக்கிறதே, சுரங்கமும் ஊதுலையும் எதற்கு?

நல்ல கேள்வி அண்ணே. முதலில், கிடப்பது நமக்கே போதவில்லை, வெளிநாட்டு ஸ்கிராப் கப்பலில் வருகிறது. இரண்டாவது, செம்பு. உங்கள் லோடில் சுருள் பிரிக்காத ஒரு மோட்டார் கிடந்தால் அந்தச் செம்பு உருகி இரும்போடு கலந்துவிடும். கசடாக மேலே வராது, பிரிக்கவும் வழியில்லை. கரண்டியில் மாதிரி எடுத்து, ஆறவைத்து, தேய்த்து, உலோகக் கலவையை அளக்கும் ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்துப் பார்த்தால் செம்பின் அளவு எகிறி நிற்கும். பில்லெட்டை, அதாவது வார்த்தெடுத்த எஃகுக் கட்டையை, உருட்டச் சூடாக்கும்போது மேற்பரப்பு இரும்பு துருச்செதிலாக உதிர, செம்பு மட்டும் தங்கி, உருகி, உள்ளே இறங்கும். ரோலிங் மில்லில் விட்டால் மேலெல்லாம் வெடிப்பு. கட்டடக் கம்பியில் ஓரளவு சமாளிக்கலாம். கார் கதவுக்கான தகட்டில் முடியாது. தாதுவிலிருந்து வரும் சுத்தமான இரும்பைக் கலந்துதான் இதைத் தணிக்க வேண்டும்.

மூடிய சிலிண்டர், தண்ணீர் தேங்கிய டப்பா எதையும் லோடில் விடாதீர்கள், உலைக்குள் வெடிக்கும். உலை வாயில் நிற்பவனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

மூலக்கடை: எஃகு கம்பெனிப் பங்கு வாங்கலாமா?

என் துறை இல்லை.

மணலி, ஃபேப்ரிகேஷன் பட்டறை: உள்நாட்டு எஃகு என்று சொல்லிச் சொல்லி விலையை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள். இறக்குமதிக்கு 12 சதவீத வரி வந்ததும் சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் காயில் (சுருட்டிய தகடு) விலை ஏறிவிட்டது. உலையைவிடப் பட்டறைகளில்தானே அதிகம் பேர் வேலை செய்கிறோம்?

செய்கிறீர்கள். அதை மறுக்கவில்லை. 2025 ஏப்ரலில் தகடு, காயில் வகைகளுக்கு 200 நாள் தற்காலிகப் பாதுகாப்பு வரி போட்டார்கள். காரணம், சீனா அதற்கு முந்தைய ஆண்டு ஏற்றுமதி செய்தது மட்டும் 11 கோடி டன். அந்த வெள்ளத்தில் இங்குள்ள ஆலை மூழ்கினால், பிறகு அவன் சொல்வதுதான் விலை.

அதே மணலி: இப்போது மட்டும் விலை யார் சொல்வது? இங்கே நாலைந்து பெரிய ஆலைகள் சொல்வதுதானே?

சரி, அடி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

எண்ணூர்: குறுக்கே பேசுகிறேன். சொந்த எஃகு என்கிறீர்கள். ஊதுலைக்கான கோக்கிங் நிலக்கரி ஆஸ்திரேலியாவிலிருந்துதானே வருகிறது?

பெரும்பகுதி இறக்குமதி, அதில் அதிகம் ஆஸ்திரேலியா. ஆனால் நிலக்கரியை வேறு நாட்டிலும் வாங்கலாம். உருக்கத் தெரிந்த ஆட்களை அப்படி வாங்க முடியாது.

பெரம்பூர்: கம்பியில் எந்த பிராண்ட்...

மேலே தண்டையார்பேட்டை.

ராயபுரம்: டி.எம்.டி. கம்பி எது...

மேலே!

திருவொற்றியூர்: தமிழ்நாட்டில் எஃகு ஆலையே இல்லையே?

சேலம் என்று ஓர் ஊர் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு.

மீண்டும் மணலி: என் கேள்விக்குப் பாதி பதில்தான் வந்தது.

மீதி இதோ. வரி இருக்கட்டும், ஆனால் சும்மா கொடுக்கக் கூடாது. முடியும் தேதி மட்டும் போதாது, கூடவே நிபந்தனையும் வேண்டும். வரியின் நிழலில் லாபம் பார்க்கும் ஆலை, இன்றைக்கு இறக்குமதியாகும் ரகத்தை இத்தனை ஆண்டுக்குள் உருட்டிக் காட்ட வேண்டும். சிறப்பு எஃகுக்கு 2021இல் 6,322 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவித்தார்கள், மின்மாற்றித் தகடும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அது தனி, வரி தனி. இரண்டையும் ஒரே முடிச்சில் போடச் சொல்லி உங்கள் சங்கம் மனு எழுதட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.