மாற்றுச் சிறுநீரகத்தில் ஸ்டென்ட்: உங்கள் வழக்கு தையலில் இல்லை

கோவை வாசகர் ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: தம்பிக்குத் தாயாரின் சிறுநீரகம் தனியார் மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. ஐந்தாம் மாதத்தில் இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் போனது. மாத்திரைகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். சிறுநீரகம் மந்தமானால் இரத்தத்தில் ஏறும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 1.2-இலிருந்து 2.6-க்கு உயர்ந்த பிறகே, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து, சிறுநீரகத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி சுருங்கியிருப்பதாகக் கூறி, அதை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். எட்டு மாதத்தில் அதே இடம் மீண்டும் சுருங்கி, பலூன் சிகிச்சை செய்தார்கள். இப்போது கிரியேட்டினின் 1.7. தமனியை இணைத்த தையலைக் கெடுத்து, மட்டமான ஸ்டென்ட் வைத்து, கேள்வி கேட்ட குடும்பத்தை அவமதித்தவர்கள் மீது காவல் நிலையத்திலும் நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாமா? பில்லில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாக மருத்துவமனை சொல்வதை ஏற்கலாமா?

பதில்:

அவமதிப்பையும் ஸ்டென்டின் தரத்தையும் ஒதுக்கி வையுங்கள். பொருத்திய சிறுநீரகத்தின் தமனி, பெரும்பாலும் மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டுக்குள் சுருங்குவது மருத்துவ உலகம் அறிந்த சிக்கல். தையல், தமனியின் மடிப்பு, கொடையாளரின் இரத்தக்குழாய் நிலை, உடலின் எதிர்ப்பு என்று காரணங்கள் பல. ஸ்டென்டுக்குள் மறுபடி சுருங்குவதும் அப்படியே. அது சம்மதப் படிவத்திலேயே அச்சாகி, அதன் கீழ் உங்கள் தம்பியின் கையெழுத்து இருக்க வாய்ப்பு மிகுதி. விளைவு மோசமானது என்பதாலேயே கவனக்குறைவு ஆகிவிடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டதால், காவல் நிலையப் படியேறுவது வீண்.

சட்டத்தின் கண்ணில் நிற்பது ஒரே இடைவெளிதான். நீங்கள் அனுப்பிய ஓ.பி. சீட்டுகளில் ஒன்றில் டெல்மிசார்டான் என்ற இரத்த அழுத்த மாத்திரை எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த சீட்டில் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது. அதன் ஓரத்தில் 'அதே மருந்து தொடரவும்' என்று மட்டும் குறிப்பு. சிறுநீரகம் மாற்றியவருக்கு அழுத்தம் அடங்காமல், அந்த வகை மாத்திரை தொடங்கியதும் கிரியேட்டினினும் ஏறினால், தமனிச் சுருக்கத்தைச் சந்தேகித்து டாப்ளர் எடுக்க வேண்டும் என்பது பாடநூல் அறிவு. அந்தச் சீட்டின் தேதிக்கும் டாப்ளர் தேதிக்கும் நடுவில் எத்தனை நாள், அந்தத் தாமதத்தால் எவ்வளவு செயல்திறன் நிரந்தரமாகப் போனது என்பதே உங்கள் வழக்கு.

என்னிடம் வரும் கட்சிக்காரர்கள் விழும் குழி இங்கேதான். கோபத்தில் வரையப்பட்ட புகாரில் 'தையல் தவறு' பக்கம் பக்கமாகவும், தாமதம் ஒற்றை வரியாகவும் இருக்கும். எதிர்த்தரப்பு நிபுணர் ஒருவர் வந்து தையலில் குறையில்லை என்று சொன்னதும் தலைமைக் குற்றச்சாட்டு சரியும். விரித்து எழுதப்படாத தாமதமும் அதோடு புதைந்துபோகும். அடுத்து, மருத்துவமனையின் கோப்பில் உங்கள் தம்பி வராமல் விட்ட ஓ.பி. நாட்களும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு இரத்தத்தில் குறைந்திருந்த பரிசோதனை முடிவுகளும் ஒவ்வொன்றாக வெளிவரும். அப்படி ஏதாவது உண்டா என்பதை வக்காலத்தில் கையெழுத்திடும் முன்பே உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மருத்துவமனை மீதுள்ள ஆத்திரத்தில் மருந்தையோ பரிசோதனையையோ இப்போது நிறுத்தினால், வழக்கு மட்டுமல்ல, உங்கள் தாயார் கொடுத்த சிறுநீரகமே போய்விடும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசமாகப் போங்கள். சிறுநீரகம் வேலை செய்துகொண்டிருக்கும்போது, சில வாரத் தாமதத்துக்குக் கிடைக்கும் இழப்பீடு நீங்கள் நினைக்கும் அளவில் இருக்காது. ஆனால் மருத்துவமனை நீட்டும் ரசீதை அப்படியே வாங்காதீர்கள். 'இச்சிகிச்சை தொடர்பான எல்லா உரிமைகளும் முழுமையாகத் தீர்ந்தன' என்ற ஒரு வரி அதில் இருந்தால், நாளை சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்குத் திரும்பினாலும் அந்த வரி உங்களை மறிக்கும். பலூன் சிகிச்சையின் செலவு முழுவதையும் திருப்பித் தருவது, இனி எடுக்கும் டாப்ளர் ஸ்கேன்களையும் அதே தமனிக்குத் தேவைப்படும் சிகிச்சையையும் கட்டணமின்றிச் செய்வது, சிறுநீரகம் இழந்தால் கோரும் உரிமை நிலைப்பது ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தால் மட்டும் கையெழுத்திடுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 37-ஆம் பிரிவுப்படி ஆணையத்தின் வழியாகவே மத்தியஸ்தத்துக்குப் போவது இன்னும் பாதுகாப்பு. உடன்பாடு அங்கே உத்தரவாகப் பதிவாகும்.

பேச்சுவார்த்தை நடப்பதால் புகார் செய்வதற்கான காலவரம்பு நிற்காது. அதே சட்டத்தின் 69-ஆம் பிரிவு தரும் இரண்டு ஆண்டுகளை முதல் டாப்ளர் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு ஆண்டுகள் முடிவதற்கு மூன்று மாதம் முன்பு வரை உடன்பாடு எழுத்தில் வராவிட்டால், பேச்சைத் தொடர்ந்தபடியே புகாரைத் தாக்கல் செய்துவிடுங்கள்.