அண்ணாச்சி பதில்கள்: "இங்க ஆறு எந்தப் பக்கம்?"

கேள்வி: அண்ணாச்சி, நான் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட டீச்சர். வயது 62. வீட்டுக்காரர் காலமாகி நாலு வருடம் ஆகிறது. மகன் சென்னைக்கு வெளியே மறைமலை நகரில் ஒரு வீடு பார்த்திருக்கிறான். கல்லிடைக்குறிச்சி வீட்டை விற்று அந்தப் பணத்தையும் போட்டு வாங்கலாம், நீயும் வந்துவிடு என்கிறான். "பிளான் போட்டுக் கட்டுன ஊரும்மா, எல்லாம் பக்கத்துலயே இருக்கு" என்கிறான். பிளான் போட்டுக் கட்டினால் அது ஊர் ஆகிவிடுமா? நீங்கள் அங்கே இருந்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். மறைக்காமல் சொல்லுங்கள்.
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: தங்கச்சி, 1987 முதல் 2013 வரை 26 வருடம் அங்கே இருந்தேன். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் வேலை. என் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படித்தார்கள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெட்ராஸ் நெரிசலைக் குறைக்க, சுற்றிலும் துணை நகரங்கள் வேண்டும் என்று எழுபதுகளில் திட்டம் போட்டார்கள். வடக்கே மணலி புதுநகர், தெற்கே மறைமலை நகர். சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1980 வாக்கில் இங்கே வேலையைத் தொடங்கியது. எழும்பூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். தொழிற்சாலைக்கு ஒரு பக்கம், குடியிருப்புக்கு ஒரு பக்கம் என்று நிலத்தைப் பிரித்தார்கள். முகவரியில் என்.எச்.1, என்.எச்.2 என்று வரும். புதிதாக வருகிறவர்கள் நெடுஞ்சாலை எண் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆட்டோக்காரரிடம் சொல்லி நானே குழம்பியிருக்கிறேன். அது 'நெய்பர்ஹுட்', அதாவது குடியிருப்புப் பகுதி, என்பதன் சுருக்கம். ஒவ்வொரு பகுதிக்கும் பள்ளிக்கூடம், கடை, பூங்கா எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் பெரிய ரோட்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் எண்ணம். என் மகள் ஐந்தாம் வகுப்பு வரை தனியாக நடந்தே பள்ளிக்குப் போய் வந்தாள். அந்த ஒரு விஷயத்துக்காகவே அந்த வரைபடத்தைப் போட்டவர்களை இன்றும் மனதார வாழ்த்துகிறேன்.

ஆனால் நீங்கள் கேட்டது அம்மாக்களைப் பற்றி. சரி, என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

1991இல் அப்பா இறந்த பிறகு அம்மாவைச் சேரன்மகாதேவியிலிருந்து அழைத்துக்கொண்டு போனேன். அப்போது அவளுக்கு 64 வயது. நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, விடிகிற நேரத்தில் செங்கல்பட்டில் இறங்கி, மின்சார ரயில் பிடித்தோம். பரனூர், சிங்கப்பெருமாள் கோவில், அடுத்தது எங்கள் ஊர். வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏய்யா, இங்க ஆறு எந்தப் பக்கம்?"

எனக்குப் பதில் வரவில்லை. பிறந்ததிலிருந்து தாமிரபரணியை வைத்தே திசை பார்த்தவள் அவள். "பாலாத்துத் தண்ணி குழாய்ல வரும்மா" என்றேன். ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஆறு மாதம் திண்ணை இல்லாத அந்த வீட்டின் வாசல்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு கேன் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்வாள்.

அப்புறம் மாறியது. எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. வந்தவாசி, ஆற்காடு, தஞ்சாவூர், விருதுநகர் என்று ஆளுக்கு ஓர் ஊர். எவருக்கும் அது சொந்த ஊர் இல்லை. அதனால் எல்லாருக்குமே பேச்சுத்துணை தேவைப்பட்டது. அம்மா ஒரு நாள் சொதி வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். தேங்காய்ப்பாலில் குழம்பா என்று எல்லாரும் அதிசயப்பட்டார்கள். ஆடி மாதம் வந்தவாசி அம்மா கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்தார். நம் பக்கத்தில் இப்படித் தெருத்தெருவாகக் கூழ் ஊற்றும் வழக்கம் கிடையாது. அம்மா முதலில் தயங்கினாள். அடுத்த ஆடிக்கு, பக்கத்துப் பழைய கிராமத்து மாரியம்மன் கோவிலில் அவளே அகப்பையோடு நின்றாள். அந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் அந்தக் கிராமங்களின் விளைநிலமும் மேய்ச்சலும்தான். அவர்கள் விட்டுக்கொடுத்த மண்ணில் குடியேறியவர்கள் நாங்கள். அவர்கள் சாமிக்கு அம்மா கூழ் ஊற்றிய அன்றுதான் அது எங்கள் ஊர் ஆனது என்று எனக்குத் தோன்றும்.

குறையையும் சொல்ல வேண்டும். அந்த நகரம் தொழிற்சாலையை நம்பிய நகரம். 1999இல் ஃபோர்டு கார் ஆலை வந்தபோது வாடகை ஏறியது, மெஸ்ஸும் டீக்கடையும் பெருகின. 2021 செப்டம்பரில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்து, மறு வருடம் நிறுத்தினார்கள். பழைய பக்கத்து வீட்டுக்காரர் போனில் பேசும்போது, மாடியில் வாடகைக்கு இருந்த பையன்கள் காலி செய்ததைச் சொல்லி அழுதுவிட்டார். ஆகவே உங்கள் மகனின் வேலை ஒரே ஆலையை நம்பியதா என்று கேளுங்கள். பெரிய வைத்தியத்துக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். நம் ஊர் பஸ்ஸெல்லாம் 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்கே வந்துவிடுகின்றன. முன்பு கோயம்பேடு வரை போய்த் திரும்பி வருவோம், அந்த அலைச்சல் இப்போது இல்லை.

என் யோசனை இதுதான்: கல்லிடைக்குறிச்சி வீட்டை இப்போது விற்காதீர்கள். மகனை அங்கே ஒரு வருடம் வாடகைக்கு எடுக்கச் சொல்லிக் கூடப் போய் இருங்கள். ஒரு சித்திரை வெயில், ஒரு ஐப்பசி மழை, இரண்டையும் அங்கே பாருங்கள். குழாயில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, மழையில் தெருவில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். காலையில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் கிடைத்துவிட்டால் வீடு வாங்கலாம். நான் சேரன்மகாதேவி வீட்டை அவசரப்பட்டு 1992இல் விற்றேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கொல்லையில் நின்ற முருங்கையை வாங்கியவர் வெட்டிவிட்டாரா என்று மட்டும் நாலைந்து தடவை கேட்டாள்.

கேள்வி: பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் மனைப்பிரிவில் இடம் பார்த்திருக்கிறேன். 'திட்டமிட்ட புதுநகர்' என்று விளம்பரம். வரைபடத்தில் பச்சையாகப் பூங்கா காட்டுகிறார்கள். நம்பலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: பச்சை மையை நம்பாதீர்கள் தம்பி, பத்திரத்தைக் கேளுங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், ரோடு நீங்கலாக உள்ள நிலத்தில் பத்து சதவீதத்தைப் பொதுவுக்கு ஒதுக்கி, தானப் பத்திரமாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. அந்தத் தானப் பத்திரத்தின் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பூங்கா இருக்கும் சர்வே எண்ணுக்கும் சேர்த்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் மனைக்கு மட்டும் போட்டால் போதாது. நகர் ஊரமைப்பு அனுமதியும், 2017 முதல் நடப்பில் உள்ள ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவும் அவசியம்.

என் மைத்துனர் 1994இல் கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை வாங்கினார். பூங்காவுக்கு எதிர் மனை என்று கூடுதல் விலை கொடுத்தார். எட்டு வருடம் கழித்து அந்தப் பூங்காவில் மூன்று வீடுகள் எழும்பின. தானப் பத்திரம் எழுதப்படவே இல்லை. அவர் பேரப்பிள்ளைகள் தெருவில்தான் பந்து விளையாடினார்கள்.

கேள்வி: மறைமலை நகர் என்பது மலையை வைத்து வந்த பெயரா?
– பிளஸ் டூ மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: மறைமலை அடிகளை வைத்து வந்தது அம்மா. 1876இல் நாகப்பட்டினம் பக்கம் பிறந்தவர். இயற்பெயர் வேதாசலம், வேதம் மறை ஆயிற்று, அசலம் மலை ஆயிற்று. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். கடைசி வரை பல்லாவரத்தில் வாழ்ந்து 1950இல் காலமானார். நம் ஊருக்கும் அவருக்கும் உறவு உண்டு. 1920இல் திருநெல்வேலியில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் வ. திருவரங்கம் பிள்ளை. அவருக்குத்தான் அடிகள் தம் மகள் நீலாம்பிகையைக் கட்டிக் கொடுத்தார். அந்த அம்மையாரும் பெரிய தமிழறிஞர்.

இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து, "அப்போ இது நம்ம சம்பந்தக்காரங்க ஊருல்லா" என்றாள்.