நினைவில் நிற்காத வயதில் குழந்தைகளுக்கு நாடகம் எதற்கு?

மூன்று வயது நிரம்பாத குழந்தைக்குப் பார்த்த நாடகம் நினைவில் நிற்காது; அப்படியிருக்க, அவர்களுக்கென்றே நாடகம் உருவாக்குவதில் என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். லண்டனில் மழலையர் காப்பகம் ஒன்றில் பணியாற்றிய நாட்களில் எனக்கும் இதே ஐயம் இருந்தது.

ஒருமுறை எங்களிடம் வந்த சிறு குழுவின் நாடகத்தில் கதை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. நடிகை ஒருவர் குவளையிலிருந்து கிண்ணத்துக்குத் தண்ணீரை ஊற்றி, அந்த ஓசையோடு இழைந்து மெல்லப் பாடினார். யாரிடமும் எளிதில் ஒட்டாத ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று எழுந்து நடந்துபோய்க் கையை நீட்டியது. அவர் பாட்டை நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து, உள்ளங்கையில் ஒரே ஒரு துளியை விட்டார். குழந்தை துளியைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, மீண்டும் கையை நீட்டியது. அதன்பின் சில நிமிடங்களுக்கு நாடகம் அக்குழந்தையின் வேகத்திலேயே நகர்ந்தது.

திரையால் இயலாதது இந்தக் காத்திருப்புத்தான். உளவியலாளர்கள் லின் மர்ரேயும் கொல்வின் டிரெவர்தனும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், நேரலைக் காணொளியில் தாயோடு மகிழ்ந்து முகம் பார்த்துக்கொண்டிருந்த சில வாரக் குழந்தைகள், அதே தாயின் பதிவுசெய்த காட்சி காட்டப்பட்டபோது நிலைகொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தனக்கு மறுமொழி வருகிறதா என்பதைப் பேச்சு வருவதற்கு வெகுமுன்பே குழந்தை கவனிக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இத்தாலியின் பொலோஞா நகரில் 1976இல் தொடங்கிய லா பராக்கா குழு, 1987 முதல் மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நாடகம் படைத்துவருகிறது. ஸ்டாக்ஹோமில் நாடக இயக்குநர் சுசன் ஓஸ்டன் 2006இல் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தைகளுக்காக, பிறப்பையே பொருளாகக் கொண்ட நாடகத்தை மேடையேற்றினார். இவர்கள் குழந்தையை நாளைய பார்வையாளராக வளர்த்தெடுக்கவில்லை, இன்றே பார்வையாளராக மதிக்கிறார்கள். மூளை வளரும், மொழி வளரும் என்று சொல்லி இத்தகைய நாடகங்களுக்கு ஆதரவு தேடுவது எனக்கு உவப்பில்லை. பெரியவர்கள் நாடகம் பார்க்கப் போகும்போது, அதனால் மறுநாள் என்ன ஆதாயம் என்று எவரும் கணக்குக் கேட்பதில்லையே! ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவும் கலை வாழ்வில் பங்கேற்கும் உரிமைக்குக் கீழ்வயது எதையும் வரையறுக்கவில்லை.

செலவு அதிகம் என்பது உண்மை. குழந்தைகள் மிரளாதிருக்கக் கூட்டம் சிறிதாக இருக்க வேண்டும். அவர்கள் தரையில், பெற்றோரின் மடியருகே அமர வேண்டும். விளக்கைச் சட்டென அணைக்கக் கூடாது. ஆகவே நுழைவுக்கட்டணத்தை மட்டும் நம்பி இதை நடத்த இயலாது, பொதுப்பணம் வேண்டும். 1981இல் லண்டனில் தொடங்கிய ஆய்லி கார்ட் குழு, கடுமையான உடற்குறையும் அறிவுத்திறன் குறைபாடும் ஒருங்கே உள்ள குழந்தைகளுக்காக வெதுவெதுப்பான நீர்ச் சிகிச்சைக் குளத்துக்குள்ளேயே நாடகம் நிகழ்த்தியிருக்கிறது. அந்தக் குளத்தில் ஒரு நேரத்தில் சில குழந்தைகளுக்கே இடமிருக்கும். அந்தச் சிலருக்காகவும் செலவிடத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.